முன்பாரம், பின்பாரம்

தராசக்கா ஒரு காரை எடை போடும்போது அதன்மேல் யாரும் சாய்ந்து நிற்கக் கூடாது. கூரையில் டீ டம்ளரை வைத்தால் அதற்கும் திட்டு விழும். "டம்ளரையும் வச்சுக்கிட்டுத்தான் ஓட்டப் போறீங்களா? அப்ப இருக்கட்டும், சேத்தே எடை போட்டுடறேன்" என்பாள். வைத்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்துவிடுவார்.

ஊருக்கு வெளியே, கார்ப் பந்தயத் தடத்தை ஒட்டியிருந்த பட்டறையில் அவளுக்கு அதுதான் வேலை. தரையில் நான்கு தட்டைப் பலகைகள், சக்கரத்துக்கு ஒன்று. காரை அவற்றின்மேல் தள்ளி ஏற்றினால் மேசையிலிருக்கும் சின்னத் திரையில் நான்கு எண்கள் வரும். மொத்தம் எவ்வளவு என்று கேட்பவர்கள் காரின் சொந்தக்காரர்கள். எந்தச் சக்கரத்தின்மேல் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பவள் அவள்.

ஓட்டுகிறவர் இல்லாமல் எடை போட்டால் கணக்கு பொய்யாகிவிடும். ஆள் வர நேரமில்லாதபோது அவருடைய கனத்துக்கு மணல் மூட்டை கட்டி இருக்கையில் வைப்பார்கள். பட்டறையின் ஓட்டுநர் அவளுடைய தம்பிதான். அவனுக்கென்று சிவப்புத் துணி கட்டிய மூட்டைகள் ஓரமாக எப்போதும் இருக்கும். மற்றவர்கள் அவற்றை ‘சின்னவர்’ என்பார்கள். "சின்னவரைத் தூக்கி உள்ள வைப்பா, இடுப்பு புடிச்சுக்கப் போகுது."

இந்த வருஷம் சின்னவரிடமிருந்து அவள் பல தடவை மணலை அள்ளிக் கொட்டியிருந்தாள். தம்பி இளைத்துக்கொண்டே வந்தான்.

"என்னடா, டயட்டா?"

"ஆமாக்கா. நடக்கறேன்."

ஓட்டுகிறவன் இளைத்தால் வண்டிக்கு லாபம். அவள் புத்தி அந்த வழியில்தான் போயிற்று. வேறு வீட்டில் ஒருவன் இப்படிக் கரைந்தால் சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டிருப்பார்கள். இவள் மணலைக் குறைத்தாள்.

இத்தனைக்கும் நோயாளியைப் பார்த்துப் பழகாதவள் அல்ல. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். லாரி மெக்கானிக்கான அப்பாவுக்குச் சர்க்கரை நோய். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும். படுக்கையிலிருந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தது, புண் கழுவியது, புரட்டிப் போட்டது எல்லாம் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அப்பாவுக்கு ஒரு புண் வந்தது. புண் ஆறியபோது வந்தவர்கள் வேறு வீடு பார்த்துவிட்டிருந்தார்கள். அப்பாவும் போன பிறகு, தம்பி வேலை பார்த்த பட்டறையில் முதலாளி புதிதாக வாங்கிப் போட்டிருந்த தராசுப் பலகைகளோடு மல்லுக்கட்ட யாருக்கும் பொறுமையில்லை என்று கேள்விப்பட்டு இவள் போனாள். பொறுமை என்று அவளிடம் இருந்தது உண்மையில் பிடிவாதம். வேலைக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வாரம் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் வந்தன. ஒரு மோட்டார் பத்திரிகைக்காக இரண்டையும் ஒப்பிட வேண்டும். எழுதப்போகிறவள் ஓர் இளம்பெண், நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்தவள். பட்டறை முழுக்க அவளுக்குப் பெயர் ‘பத்திரிகை’. ஒரு காருக்கு எஞ்சின் நடுவில்: இருக்கைக்குப் பின்னால், ஆனால் பின்சக்கரங்களுக்கு முன்னால். இன்னொன்றுக்கு எஞ்சின் வாலில்: பின்சக்கரங்களையும் தாண்டி. ஒரே தடத்தில் ஒரே ஆள் இரண்டையும் ஓட்ட வேண்டும். அந்த ஆள் தம்பி. கடைசி நாள் பிற்பகல் பத்திரிகை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுவாள் என்று ஏற்பாடு.

எடை போட்டபோது நடு எஞ்சின் காரைவிடப் பின் எஞ்சின் கார் ஓர் ஆள் கனம்தான் கூட இருந்தது. பத்திரிகைக்கு ஏமாற்றம்.

"இவ்வளவுதானாக்கா? எடைல பெரிய வித்தியாசமே இல்லையே."

"எடை கிட்டத்தட்ட ஒண்ணுதான்மா. வச்ச எடம் வேற. இங்க பாரு. நடு எஞ்சின்ல நூத்துக்கு நாப்பத்திமூணு பங்கு முன்னால. இதுல முன்னால நாப்பது கூட இல்ல. மிச்சமெல்லாம் பின்சக்கரத்து தலைல."

"அதனால என்ன ஆகும்?"

தராசக்கா சின்னவரில் ஒரு மூட்டையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சட்டென்று திரும்பி நின்றாள். மூட்டையும் அவளோடு நின்றது. பிறகு அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பினாள். அவள் நின்றாள், மூட்டை நிற்கவில்லை. போய்ச் சுவரோரமிருந்த வாளியை உருட்டிவிட்டது.

"படுத்திருக்கற ஆளைத் தூக்கறதும் இப்படித்தான். ஒட்டிப் புடிச்சா நம்ம சொன்னபடி வருவாரு. தள்ளிப் புடிச்சா அவர் இழுக்கற பக்கம் நம்ம போவோம்."

"அப்ப எதுக்குப் பின்னால கொண்டு போய் வைக்கறாங்க?"

"லாபம் இருக்கே. வளைவு முடிஞ்சு வெளிய வரும்போது மிதிச்சா சக்கரம் வழுக்காது, தரையைக் கவ்விக்கிட்டுப் போகும். பிரேக் புடிச்சாலும் பின்சக்கரம் சும்மா இருக்காம பங்குக்கு வேலை செய்யும். ஒண்ணே ஒண்ணு, வளைவு நடுவுல ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை வெடுக்குனு எடுக்கக் கூடாது. எடுத்தா பாரம் முன்னால சாயும். பின்னாடி புடிப்பு விட்டு வால் சுத்திக்கும்."

"நடு எஞ்சின்?"

"அதுவும் சுத்தும்மா. சுத்தினா இதைவிட வேகமா சுத்தும். ஆனா அதுக்குக் கொஞ்சம் பெரிய தப்பா பண்ணணும்."

நடு எஞ்சின் காரில் தம்பி ஓட்டிய சுற்றுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின் எஞ்சின் காரில்தான் வினை. தடத்தில் நீளமாக இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு உண்டு. அங்கே கார் வாலை வீசியது. முதல் தடவை ஓரச் சரளையில் போய் நின்றது. அடுத்த தடவை சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. தம்பி இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

"வால்ல பேய் உக்காந்திருக்குக்கா."

வண்டியைப் பற்றி அவன் சொன்னால் அவளுக்கு அது வேதவாக்கு. பேயைத் தேடத் தொடங்கினாள். முன்னுக்கும் பின்னுக்குமான பங்கை ஸ்பிரிங்கைத் திருகி மாற்ற முடியாது. எஞ்சினையே தூக்கி வேறிடத்தில் வைத்தால்தான் அது மாறும். மூலைக்கு மூலை குறுக்காக விழும் பாரத்தைத் திருத்தலாம். திருத்தினாள். வால் வீசியது. அந்தக் காருக்குப் பெட்ரோல் டாங்க் முன்னால் இருக்கிறது, ஓட ஓட மூக்கு லேசாகும், முன்சக்கரம் பிடிக்கவில்லையே என்று பயந்து தம்பி காலை எடுக்கிறானோ என்று நினைத்து டாங்கை நிரப்பி அனுப்பினாள். அப்போதும் வீசியது. டயர்க் காற்றை மாற்றினாள். கடைசி நாள் காலையில் மறுபடி ஸ்பிரிங்குகளைக் கழற்றி மாட்டியபோது ஒரு நட்டு வேறு காணாமல் போனது. ஒரு நட்டு கணக்கில் வராமல் அவள் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை. காரின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில் துழாவினாள். அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் தம்பி ஷூ மாட்டினான். "எந்திரிடா" என்று அவனையும் எழுப்பித் தேடினாள். இல்லை. கடைசியில் காரில் அது விழவில்லை என்று நிச்சயமானதும் வேறு நட்டு போட்டு அனுப்பினாள்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "பின் எஞ்சின்னாலே அப்படித்தானே? அதையே எழுதிடச் சொல்லு."

"இருக்கற குணத்தை எழுதலாம். இல்லாததை எழுதினா வண்டிக்காரன் சும்மா விடுவானா?" என்றாள் தராசக்கா.

அவளை உறுத்தியது வேறொன்று. இரண்டு காரிலும் மாற்றி மாற்றி மாட்டிய ஒரு கருவி, ஓட்டுகிறவரின் கால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டும். நல்ல ஓட்டுநரின் கோடு ஏறும், நிற்கும், இறங்கும். இது ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. சந்தேகப்பட்டு நடு எஞ்சின் காரின் கோட்டையும் எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே ரம்பம். அந்தக் கார் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. இது காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு காரிலும் ஒரே கோளாறு என்றால் இரண்டிலும் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்டாள். பொதுவாக இருந்தது கருவி என்று முடிவுகட்டி, அதன் கம்பிகளைப் பிரித்து மாட்டினாள்.

மதிய இடைவேளையில், பட்டறைக்குப் பின்னாலிருந்த ஓய்வறையில் தம்பி வலதுகால் ஷூவைக் கழற்றினான். டக்கென்று ஏதோ சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

"அட, உன் நட்டு!" என்று அவன்தான் முதலில் சிரித்தான். "பட்டறையே தேடிச்சு, நான் கண்டுபுடிச்சுக் குடுத்துட்டேன் பாரு. டீ வாங்கிக் குடு."

அவள் நட்டைப் பார்க்கவில்லை. காலுறையின் அடிப்பக்கம் சிவந்து ஈரமாயிருந்தது.

"இது எப்பலேர்ந்துடா உள்ள இருக்கு?"

"தெரியலையே. காலைலேர்ந்து இருக்கும்."

"குத்தலையா?"

அவன் காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அவள் கீழே உட்கார்ந்து அதை வெளியே இழுத்தாள். காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது. குடிக்கிற தண்ணீரை ஊற்றி நனைத்து மெல்ல உரித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே நட்டின் ஆறு மூலையும் சதையில் பதிந்திருந்தன. நனைத்து உரிக்கும்போது கூட அவன் முகம் சுளிக்கவில்லை. இந்த அமைதியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அப்பாவும் இப்படித்தான், யாருடைய காலையோ யாரோ கழுவுவதுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கண்ணை மூடு. எந்த விரலைப் புடிச்சிருக்கேன், சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"புடிச்சிட்டியா?" என்றான்.

அவள் விரலை விட்டுவிட்டாள்.

"சர்க்கரை எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா. மாத்திரை இருக்குக்கா. சாப்பிடறேன்."

"தினமுமா?"

"ஞாபகம் இருக்கறப்ப."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"சர்க்கரை தெரியும். காலு தெரியாது." அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இன்னிக்கு மதியம் மட்டும். அந்தப் பொண்ணு வந்து உக்காரட்டும், ரெண்டே சுத்து. முடிச்சிட்டு நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வரேன். இப்ப போய் கால் மரத்துப்போச்சுன்னா, அப்புறம் எவன் என்கிட்ட வண்டி குடுப்பான்? எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு."

"அந்தப் பொண்ணை உக்கார வச்சுக்கிட்டா?"

"என் கால் என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? சரி, வா."

காலில் சுத்தமான துணியைச் சுற்றி, அவன் தோளுக்கு முட்டுக்கொடுத்து, குதிகாலை மட்டும் ஊன்றவைத்துத் தராசுப் பலகைக்கு அழைத்துப் போனாள். பட்டறையில் யாருமில்லை, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தாள். பலகையின்மேல் கனமாக ஒரு துண்டை மடித்துப் போட்டாள்.

"குதிகாலை வை. திரையைப் பாத்துக்கிட்டே பன்னெண்டு கிலோ வரைக்கும் அழுத்து. வந்துச்சா? அப்படியே புடி. இப்ப கண்ணை மூடிக்கிட்டு, அதே பன்னெண்டுல வச்சிரு."

அவன் மூடினான். எண் பதினான்கானது. பிறகு பத்தொன்பது. இருபத்தேழு வரை ஏறி, திடீரென்று ஐந்துக்கு விழுந்து, மறுபடி ஏறியது. கோட்டில் அவள் பார்த்த அதே ரம்பம். கண்ணை மூடிய அந்த முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை.

"போதுமா?" என்றான். "பன்னெண்டுலயே இருந்துச்சா?"

"கண்ணைத் திற."

திறந்தபோது திரையில் இருபத்திரண்டு இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

"தராசு கெட்டுப்போச்சு."

அவள் அவனை எழுப்பிப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தான் முக்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பன்னிரண்டுக்கு அழுத்தினாள், கண்ணை மூடிக்கொண்டாள். எண் என்னவாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது போதும்.

கண்ணைத் திறந்தபோது அவன் இடதுகால் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அதை எதுக்குடா?"

"நகரு."

இடது காலை வைத்து, பன்னிரண்டு பார்த்து, அவனாகவே கண்ணை மூடினான். வலதுகால் அளவுக்கு மோசமில்லை. பதினைந்து, பதினேழு, பத்து, பதினாறு. இந்தத் தடவை அவள் சொல்லாமலே சட்டென்று கண்ணைத் திறந்து, எண் அலைந்துகொண்டிருப்பதைப் பிடித்துவிட்டான்.

"இதுவுமா?" என்றான்.

தராசக்காவுக்கு மூட்டையிலிருந்து மணலை அள்ளிக் கொட்டிய தன் கைதான் கண்ணில் நின்றது. ஒவ்வொரு பிடியாக, நல்லதுதான், நல்லதுதான் என்று கொட்டியிருக்கிறாள். எழுந்துபோய் முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்தாள்.

முதலாளியும் பத்திரிகையும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். "என்ன, ரெடியா?" என்றார் முதலாளி.

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "இந்தப் பொண்ணையே ஓட்டச் சொல்லுங்க. எனக்குக் கால் சரியில்ல."

"சரியில்லன்னா? சுளுக்கா?"

"சரியில்லன்னா சரியில்ல."

முதலாளி தராசக்காவைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் கெட்டவரல்ல, ஆனால் புரிந்துகொண்டார் என்பது அவர் தம்பியின் ஹெல்மெட்டை எடுத்துப் பழைய சாமான் அலமாரியில் வைத்த விதத்தில் தெரிந்தது.

பேயைத் தேடித் தான் செய்த மாற்றங்களையெல்லாம் தராசக்கா திருப்பினாள். கார் வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஸ்பிரிங்குகளை வைத்தாள். சின்னவரை இருக்கையிலிருந்து இறக்கிவிட்டு பத்திரிகையையே உட்கார வைத்து எடை போட்டாள். அந்தப் பெண் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, எனக்கும் வால் வீசினா?"

"நீள வளைவுல மிதிச்ச காலை வெடுக்குனு எடுக்காதீங்க. அவ்வளவுதான்" என்றான் தம்பி பெஞ்சிலிருந்து. "பயப்படணும்னா வளைவுக்கு முன்னாலயே பயந்து முடிச்சிடுங்க."

கார் போயிற்று. தராசக்கா தரையில் உட்கார்ந்து அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு புண்ணைக் கழுவினாள். விரலிடுக்குகளையும் குதிகால் வெடிப்பையும் இடது பாதத்தையும் பார்த்தாள். அங்கே பழைய கொப்புளம் ஒன்று யாருக்கும் தெரியாமல் வந்து காய்ந்திருந்தது. எஞ்சின் சத்தம் தூரத்தில் நேர்ச்சாலையில் ஏறி, நீள வளைவுக்குள் போனது. இருவரும் அசையாமல் கேட்டார்கள். சத்தம் எங்கும் அறுபடவில்லை. ஒரே இழையாக வளைவைச் சுற்றி வெளியே வந்து பிறகு ஓங்கியது.

"காலை எடுக்கல" என்றான் தம்பி.

"ஆடாத" என்றாள் அவள்.

இரண்டு காரையும் மாற்றி மாற்றிச் சில சுற்றுகள் ஓட்டிய பிறகு பத்திரிகை முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக இறங்கி ஓடி வந்தாள். "தங்கமான வண்டிக்கா! திரும்பறதுல நடு எஞ்சின்தான் சுறுசுறுப்பு, ஒத்துக்கறேன். ஆனா வளைவுலேர்ந்து வெளிய வரும்போது இது தரையை விடவே மாட்டேங்குது. எங்கண்ணா உங்க பேய்?"

தம்பி சிரிக்கப் பார்த்தான். பிறகு தன் கட்டுப்போட்ட காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

தராசக்கா பட்டறை வேனைக் கொண்டுவந்து பெஞ்சை ஒட்டி நிறுத்தினாள். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு போர்வையைச் சுருட்டி வைத்து அவன் வலதுகாலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். குதிகால் எதிலும் படவில்லையே என்று விரல் விட்டுப் பார்த்தாள். அவன் மனைவியிடம் போனில் ஆஸ்பத்திரி பெயரையும், எடுத்து வரவேண்டிய மாத்திரைகளையும் மட்டும் சொன்னாள். "என்ன அண்ணி, என்ன ஆச்சு?" என்று அந்தப் பக்கம் கேட்டதற்கு, "நேர்ல சொல்றேன், கிளம்பு" என்று வைத்துவிட்டாள்.

வேன் பட்டறை வாசலைத் தாண்டியது. தடத்தின் சுவர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அப்பாவுக்கு எந்த விரல்ல ஆரம்பிச்சுது?"

"சுண்டுவிரல்."

"எனக்குக் கட்டைவிரல் பக்கம்தானே" என்றான். அதில் ஏதோ வித்தியாசம் இருப்பதுபோல் அவன் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

அவளுக்குப் புண்களைத் தெரியும். கியரை மாற்றினாள்.

"பெல்ட்டைப் போடு" என்றாள்.